இந்திய ரெயில்களை ஒன்றாக்கிய தமிழர்

கோபாலசுவாமி அய்யங்காரின் வாழ்க்கை வரலாறு

இந்தியா சுதந்திரம் அடைந்தபோது நம் நாட்டில் 42 ரெயில்வேக்கள் இருந்தன. அவற்றில் 32 சமஸ்தானங்களுக்குச் சொந்தமானவை. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனிக் கணக்கு, தனி உத்தியோகஸ்தர்கள்.

ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் இவை ஒரே குடையின் கீழ் வந்தன. சிறு கம்பெனி ரெயில்கள் சில மட்டுமே வெளியே நின்றன. நாடு முழுவதற்கும் ஆறு ரெயில்வே மண்டலங்கள் ஏற்பட்டன.

இந்தப் பெரிய காரியத்தை முன்னின்று நடத்தியவர் தஞ்சை ஜில்லாவில் பிறந்த ஒரு தமிழர். அவர்தான் என்.கோபாலசுவாமி அய்யங்கார். காஷ்மீரின் பிரதம மந்திரியாக இருந்தவர் என்றும், அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் ஒருவர் என்றும் அவரைப் பலர் அறிவார்கள். ரெயிலில் ஏறி உட்காரும் சாதாரணப் பிரயாணிக்கு அவர் செய்த வேலை அவ்வளவாகத் தெரியாது.

வாத்தியார் வேலை

கோபாலசுவாமி 1882-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி பிறந்தார். சென்னையில் மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்துத் தேறினார். 1904-ம் ஆண்டில் பச்சையப்பன் கல்லூரியில் கொஞ்ச காலம் உதவிப் பேராசிரியராக இருந்தார்.

அடுத்த ஆண்டே சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. 1905-ல் டெப்டி கலெக்டராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

வெள்ளைக்காரர் ஆட்சியில் பெரிய பதவிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கே போகும். டெப்டி கலெக்டராகச் சேர்ந்த இந்தியர், கலெக்டராக உயர்வது எளிதல்ல. கோபாலசுவாமி 15 ஆண்டுகள் உழைத்து, 1920-ல் கலெக்டர் பதவியை எட்டினார்.

1921 முதல் ஏழு ஆண்டுகள் பஞ்சாயத்துகளையும் ஜில்லா போர்டுகளையும் மேற்பார்வை செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. இந்த வேலைதான் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஊருக்கு ஊர், போர்டுக்கு போர்டு, வரவு செலவு எப்படி நடக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தார். யாருக்கு எது கிடைக்கும், யாருக்கு எது குறையும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் ஊர்க்காரர்கள் ஒரு திட்டத்துக்குத் தலையாட்டுவார்கள் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது.

அந்தக் காலத்தில் ஜில்லா போர்டுகளே ரெயில் பாதை போட்டது உண்டு. அவர் பிறந்த தஞ்சை ஜில்லாவில் போர்டு தன் பணத்தைப் போட்டு மாயவரத்தில் இருந்து முத்துப்பேட்டை வரை பாதை அமைத்தது. 1894-ல் அது திறக்கப்பட்டபோது கோபாலசுவாமி 12 வயதுப் பையன்.

1932-ல் சென்னை சர்க்காரின் பொதுப்பணி இலாகா காரியதரிசி ஆனார். பிறகு ரெவினியூ போர்டு மெம்பராக 1937 வரை இருந்தார். 55-வது வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

காஷ்மீரில் ஆறு ஆண்டு

1937-ல் காஷ்மீர் மகாராஜா ஹரி சிங், கோபாலசுவாமியைத் தமது பிரதம மந்திரியாக அழைத்துக் கொண்டார். காவிரிக்கரையில் பிறந்தவர் ஜீலம் நதிக்கரைக்குப் போனார். 1943 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1941-ல் வெள்ளைக்கார சர்க்கார் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது.

ஒரு சமஸ்தானம் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார். மகாராஜாவின் கவுரவம், சமஸ்தான உத்தியோகஸ்தர்களின் பயம், வருமானம் போய்விடுமோ என்ற கவலை எல்லாவற்றையும் உள்ளே இருந்து பார்த்தார்.

காஷ்மீர் சமஸ்தானத்தில் அப்போது ஒரே ஒரு சிறு ரெயில் பாதைதான் இருந்தது. அது ஜம்முவில் இருந்து சியால்கோட் பக்கம் போயிற்று. 1947-ல் நாடு பிரிந்தபோது சியால்கோட் பாகிஸ்தானில் சேர்ந்துவிட்டது. அத்தோடு ஜம்முவின் ரெயில் நின்றது. பதான்கோட் வழியாக ஜம்முவுக்கு மறுபடி பிரயாணி ரெயில் வர 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஓர் எல்லைக்கோடு விழுந்தால் ஓடுகிற ரெயில் எப்படி நின்றுவிடும் என்பதற்கு, அவர் ஆண்ட சமஸ்தானமே சாட்சியாகிவிட்டது.

நேருவின் மந்திரி

சுதந்திரம் வந்ததும் நேரு அவரைத் தமது மந்திரிசபையில் சேர்த்துக் கொண்டார். முதலில் இலாகா இல்லாத மந்திரி. காஷ்மீர் விவகாரம் அவருடைய பொறுப்பு. இதனால் சமஸ்தான இலாகாவை வைத்திருந்த சர்தார் படேலுக்கும் நேருவுக்கும் இடையே மனத்தாங்கல்கூட ஏற்பட்டது. 1948-ம் ஆண்டு தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவின் வழக்கை எடுத்துச் சொன்ன தூதுக்குழுவுக்குக் கோபாலசுவாமிதான் தலைவர்.

அரசியல் சட்டத்தை எழுத டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அமைந்த குழுவில் அவரும் ஒருவர். காஷ்மீருக்குத் தனி நிலை கொடுத்த 370-வது பிரிவை உருவாக்கி, 1949 அக்டோபரில் சபையின் முன் வைத்தவர் அவரே. அந்தத் தனி நிலை 2019-ல் நீக்கப்பட்டது. ஆட்சிமொழி பற்றி இந்திக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பெரிய தகராறு வந்தபோது, முன்ஷியோடு சேர்ந்து சமரச ஏற்பாட்டை வகுத்ததும் அவர்தான். இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்பது அந்த ஏற்பாடு.

அவர் சிறைக்குப் போன தியாகி அல்ல. மேடையில் முழங்குகிற பேச்சாளரும் அல்ல. வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கியவர் ஆயிற்றே என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் சிக்கலான விஷயம் எது வந்தாலும் நேரு அவரைத்தான் கூப்பிட்டார்.

1948 செப்டம்பரில் ரெயில்வே, போக்குவரத்து இலாகா அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 66.

மொரப்பூர் பிரயாணியின் பாடு

அந்தக் காலத்து ரெயில் நிர்வாகம் எப்படி இருந்தது என்பதை அறிய, மொரப்பூர் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம்.

மொரப்பூர் இன்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள பெரிய பாதையில் அமைந்த ஸ்டேஷன்.

1908 முதல் இந்தப் பாதை தென்னிந்திய ரெயில்வே வசம் இருந்தது. அதன் தலைமை அலுவலகம் திருச்சியில். ஆனால் வடக்கே ஜோலார்பேட்டையை எட்டினால் வேறு ராஜ்யம். அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் பாதைகள் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரெயில்வேயைச் சேர்ந்தவை. பெங்களூரைத் தாண்டி மைசூருக்குப் போனால், அது மைசூர் சமஸ்தானத்து ரெயில். அதன் தண்டவாளத்தின் அகலமும் வேறு.

ஆக, மொரப்பூரில் ஏறி மைசூர் போக நினைக்கும் ஒருவர் மூன்று நிர்வாகங்களின் பாதையில் பிரயாணம் செய்ய வேண்டும். முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் வாங்க வழி இருந்தது. ஆனால் அந்த டிக்கெட் பணத்தை மைல் கணக்குப்படி பங்கு பிரிக்கக் குமாஸ்தாக்கள் கட்டுக் கட்டாகக் கணக்கு எழுதினார்கள். ஒரு ரெயிலை நீட்டிக்க வேண்டும், நேரத்தை மாற்ற வேண்டும் என்றால் இரண்டு மூன்று நிர்வாகங்கள் கடிதம் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ரெயில்வேயின் எஞ்சின் சும்மா நிற்கும். பக்கத்து ரெயில்வேயில் எஞ்சின் இல்லாமல் வண்டி தாமதமாகும்.

மொரப்பூருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அங்கிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு குட்டி ரெயில் விட்டார்கள். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு போவதற்கு உதவும் என்று போட்ட பாதை அது. 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். பெரிய பாதையின் அகலமோ ஐந்தரை அடி. அதனால் மொரப்பூரில் மூட்டைகளை ஒரு வண்டியில் இருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். ஓசூரோ மைசூர் சமஸ்தான எல்லைக்குப் பக்கத்து ஊர். ஆனால் குட்டி ரெயில் அங்கேயே நின்றது. எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கு அது போகவே இல்லை.

1941-ல், உலகப்போர் நடந்தபோது, அந்தக் குட்டி ரெயிலும் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பொறுத்திருக்கச் சொன்னார்கள்

தென்னிந்திய ரெயில்வேயும், மராட்டா ரெயில்வேயும் 1944-லேயே கம்பெனிகளின் கையில் இருந்து சர்க்கார் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் இரண்டும் தனித்தனியாகவே நடந்தன. மைசூர் ரெயில் சமஸ்தானத்தின் சொத்து. நிஜாமுக்கு ஒரு ரெயில்வே, பரோடாவுக்கு ஒன்று, ஜோத்பூருக்கு ஒன்று, பிகானீருக்கு ஒன்று என்று நாடெங்கும் இதே கதை.

ரெயில்வேக்களை ஒன்று சேர்க்கலாமா என்று ஆராய, எச்.என்.குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி வேலை செய்தது. நாட்டுப் பிரிவினையின் அடி இன்னும் ஆறவில்லை, ஐந்து ஆண்டுகள் பொறுத்திருக்கலாம் என்பது அந்தக் கமிட்டியின் யோசனை.

அந்த யோசனையில் நியாயம் இருந்தது. போர்க்காலத்தில் எஞ்சின்களும் பெட்டிகளும் தேய்ந்து போயிருந்தன. அகதிகளை ஏற்றி இறக்கியே வடக்கத்தி ரெயில்கள் களைத்துப் போயிருந்தன. இந்த நேரத்தில் நிர்வாகத்தைக் கலைத்துப் போடுவதா என்று பலர் கேட்டார்கள்.

கோபாலசுவாமி வேறு விதமாக நினைத்தார். சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்து கொண்டிருந்த சமயம் அது. பழைய எல்லைகள் கரைந்து கொண்டிருந்தன. இப்போது விட்டுவிட்டால், ஒவ்வொரு ரெயில்வேயும் தன் பழைய எல்லைக்குள் வேர் விட்டுவிடும். பிறகு அசைக்க முடியாது. ஆகவே காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தார்.

பணத்துக்கு வழி

முதல் சிக்கல் பணம். சமஸ்தானங்களுக்கு ரெயில் ஒரு வருமானம். அதை டில்லிக்குக் கொடுத்துவிட்டால் மைசூர் போன்ற ராஜ்யங்களின் பெட்டியில் துண்டு விழும்.

இதற்கு வழி காண அமைந்த கமிட்டியின் தலைவரும் ஒரு தமிழரே. பரோடா திவானாக இருந்த வி.டி.கிருஷ்ணமாச்சாரி. ரெயில்வே, வருமான வரி, சுங்கம் போன்றவை மத்திய சர்க்காருக்குப் போகட்டும். அதனால் ஏற்படும் நஷ்டத்தைச் சில ஆண்டுகளுக்கு மத்திய சர்க்கார் ஈடு செய்யட்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. ராஜ்யங்கள் சம்மதித்தன. 1950 ஏப்ரல் 1-ந் தேதி சமஸ்தான ரெயில்வேக்கள் மத்திய சர்க்காரைச் சேர்ந்தன. சண்டை இல்லை, கோர்ட்டு இல்லை. கணக்குப் பார்த்து, கையெழுத்துப் போட்டு முடிந்த காரியம் அது.

இரண்டாவது சிக்கல் மனிதர்கள். ரெயில்வே ஊழியர்களுக்குப் பயம் வந்தது. சீனியாரிட்டி போய்விடுமா, தெரியாத ஊருக்கு மாற்றிவிடுவார்களா என்று கவலைப்பட்டார்கள். தலைமை அலுவலகம் சென்னைக்குப் போனால் திருச்சியின் கதி என்ன என்று அங்கே கேட்டார்கள். மைசூர்க்காரர்களுக்கோ தங்கள் சொந்த ரெயில் போகிறதே என்ற வருத்தம். இவை பொய்யான பயங்கள் அல்ல. ஒவ்வொரு குடும்பத்தின் சம்பளமும் வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இதில் சம்பந்தப்பட்டிருந்தன.

கோபாலசுவாமி ஒரே உத்தரவில் காரியத்தை முடித்துவிடவில்லை. 1950-ல் ரெயில்வே போர்டு தயாரித்த திட்டத்தை ராஜ்ய சர்க்கார்களுக்கும், வியாபார சங்கங்களுக்கும், தொழிலாளர் சங்கங்களுக்கும் அனுப்பி அபிப்ராயம் கேட்கச் செய்தார். ஒவ்வொரு மண்டலமும் அக்கம்பக்கத்துப் பிரதேசங்களைச் சேர்த்ததாக இருக்க வேண்டும். ஒரு நல்ல தலைமை அலுவலகத்துக்குப் போதுமான வேலை இருக்க வேண்டும். பழைய ஏற்பாடு கூடிய வரை குலையாமல் இருக்க வேண்டும். இவையே அளவுகோல்கள். ராஜ்ய எல்லை எங்கே போகிறது என்பதைவிட, ஜனங்களும் சரக்கும் எங்கே போகிறார்கள் என்பதுதான் முக்கியமாகப் பார்க்கப்பட்டது.

முதல் மண்டலம் தெற்கே

1951-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, சித்திரைப் பிறப்பை ஒட்டி, தெற்கு ரெயில்வே பிறந்தது. இந்தியாவின் முதல் மண்டலம் அதுதான். தென்னிந்திய ரெயில்வே, மராட்டா ரெயில்வே, மைசூர் ரெயில்வே மூன்றும் ஒன்றாயின. சுமார் 6,000 மைல் பாதை. சென்னை, மைசூர், திருவாங்கூர்-கொச்சி ராஜ்யங்களிலும், பம்பாய், ஐதராபாத் ராஜ்யங்களின் சில பகுதிகளிலும் அது ஓடியது. தலைமை அலுவலகம் சென்னையில் அமைந்தது.

மொரப்பூரில் இருந்து மைசூர் வரை மூன்று நிர்வாகம் என்பது அன்றோடு மறைந்தது. பெங்களூரில் தண்டவாள அகலம் மாறுவது மட்டும் மாறவில்லை. இரும்பை மாற்ற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் இரும்பை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்ய, இனி மூன்று பேர் கூட வேண்டியதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 5-ந் தேதி மத்திய ரெயில்வேயும், மேற்கு ரெயில்வேயும் ஏற்பட்டன. 1952 ஏப்ரல் 14-ல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ரெயில்வேக்கள் வந்தன. ஒரே ஆண்டுக்குள் ஆறு மண்டலங்களும் ஏற்பட்டுவிட்டன. அடுத்த மாதமே கோபாலசுவாமி ரெயில்வே இலாகாவை விட்டு மாறினார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் லால்பகதூர் சாஸ்திரி.

அசாமுக்கு ஒரு கொடி

கோபாலசுவாமியின் காலத்தில் முடிந்த இன்னொரு வேலை அசாம் இணைப்புப் பாதை. நாடு பிரிந்தபோது அசாமுக்குப் போகும் ரெயில் பாதை பாகிஸ்தானுக்குள் அகப்பட்டுக் கொண்டது. அசாம் மக்கள் இந்தியாவோடு ரெயில் தொடர்பு இல்லாமல் தவித்தார்கள்.

1948 ஜனவரியில் வேலை ஆரம்பமாயிற்று. காடு, மலேரியா, ஓயாத மழை. டீஸ்டா, டோர்சா, சங்கோஷ் போன்ற ஆறுகள் குறுக்கே பாய்ந்தன. அங்கங்கே இருந்த பழைய சிறு பாதைகளை இணைத்து, சுமார் 230 கிலோமீட்டர் பாதை போட்டு முடித்தார்கள். குடியரசு பிறந்த நாளான 1950 ஜனவரி 26-ல் பிரயாணி ரெயில் அதில் ஓடியது.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த நிலையும் அவர் காலத்தில் மாறத் தொடங்கியது. 1950-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் இந்திய எஞ்சின் தயாராயிற்று. பெட்டித் தொழிற்சாலைக்காக 1949-ல் ஒரு சுவிஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதுதான் சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்து வைத்த பெட்டித் தொழிற்சாலை. அதைப் பார்க்கக் கோபாலசுவாமி உயிரோடு இல்லை.

மறைவு

படேல் 1950 டிசம்பரில் காலமான பிறகு, சமஸ்தான இலாகாவையும் கோபாலசுவாமியே கவனித்தார். ரெயில்களை இணைத்தவர் கையிலேயே ராஜ்யங்களை இணைக்கும் மிச்ச வேலையும் வந்து சேர்ந்தது. 1952-ல் ராணுவ மந்திரி ஆனார். ராஜ்ய சபையில் ஆளும் கட்சியின் தலைவராகவும் இருந்தார்.

ஓய்வு என்பதை அவர் கடைசி வரை அறியவில்லை. பதவியில் இருக்கும்போதே, 1953-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி சென்னையில் காலமானார். 71 வயது நிறைய இன்னும் சில வாரங்களே பாக்கி இருந்தன.

அவர் விட்டுச் சென்ற வேலை

அவர் வகுத்த ஆறு மண்டலங்கள் அப்படியே நிற்கவில்லை. ரெயில்கள் பெருகின, ஜனங்கள் பெருகினார்கள். தெற்கு ரெயில்வேயில் இருந்து 1966-ல் தென்மத்திய ரெயில்வே பிரிந்தது. 2003-ல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு ரெயில்வே ஏற்பட்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவது போன்ற பிரிவு இது. சொத்து எல்லாம் ஒன்றே.

தருமபுரிக்கு 28 ஆண்டுகள் ரெயில் இல்லாமல் இருந்தது. 1969-ல் சேலத்தில் இருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பாதை வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஓசூரோடு நின்றுவிட்ட ரெயில், அப்போதுதான் எல்லையைத் தாண்டியது. 1990-களில் அது அகலப் பாதை ஆயிற்று.

ஆனால் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே பெயர்த்தெடுத்த பாதை மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே ரெயிலில் போக வேண்டுமானால் சேலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. சுமார் 36 கிலோமீட்டர் நீளத்தில் புதிய பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். மொரப்பூர் தெற்கு ரெயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி ஸ்டேஷனோ தென்மேற்கு ரெயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பாதைக்கு நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில சர்க்கார். தண்டவாளம் போடுவது மத்திய சர்க்கார். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோபாலசுவாமி அய்யங்கார் காட்டிய வழி இதுதான். யாருக்கு என்ன நஷ்டம் என்று முதலில் கேள்; அதை ஈடு செய்ய வழி சொல்; பிறகு கையெழுத்துக் கேள். நிலத்தைக் கொடுக்கும் விவசாயிக்கும், வருமானத்தை விட்டுக்கொடுக்கும் ராஜ்யத்துக்கும் அது ஒன்றுதான். அப்படிச் செய்தால் 42 ரெயில்வேக்களைக்கூட ஒன்றாக்கலாம் என்பதை அவர் செய்து காட்டினார். 36 கிலோமீட்டருக்கு அது போதாதா?